அயல் பேரடைகள்

நுழையும் முன்

அயல் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. பக்கத்து வீட்டில் வாழ்பவரைத் தமிழ் ‘அயலார்’ என்கிறது. மலையாளம் ‘அயல்க்காரன்’ என்கிறது. வீட்டுக்கு அயல்வீடு உண்டு. ஊருக்கு அயலூர் உண்டு. நாட்டுக்கு அயல்நாடு உண்டு. பூமியும் ஞாயிறும் அடங்கிய விண்மீன் பேரடைக்கும் அயல் உண்டா? உண்டெனில், அவ்வயலாரை வெறுங்கண்ணால் காண இயலுமா? இவ்வினாவிற்குத் திருவனந்தபுரத்தில் வாழ்பவர் பெறும் விடை, தில்லியில் வாழ்பவர் பெறும் விடையினும் இனியது. அது எங்ஙனம் என்பதை இப்பாடம் கூறும்.

பேரடை என்பது யாது?

எண்ணற்ற விண்மீன்களும், அவற்றிடையே பரவிய வளியும் தூசும், ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைந்து ஒரே கூட்டமாய் இயங்குவது விண்மீன் பேரடை எனப்படும். மலையாளத்தில் இதனைத் ‘தாராபதம்’ என்பர். ஞாயிறு உள்ள பேரடைக்குப் பால்வெளி என்று பெயர். அதில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஓரிலட்சம் ஒளியாண்டு. ஒளி ஒரு நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அவ்வேகத்தில் ஓர் ஆண்டு முழுதும் சென்றால் கடக்கும் தொலைவே ஓர் ஒளியாண்டு. கிலோமீட்டரில் எழுதினால் அது ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடியாகும்.

எண்கள் பெருகும்போது மனம் அவற்றை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. ஆகவே, திருவோண நாளில் பள்ளி முற்றத்தில் இடப்படும் அத்தப்பூக்களம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் குறுக்களவு ஒரு மீட்டர் என்க. அதுவே பால்வெளி. ஞாயிறு அக்களத்தின் நடுவிலும் இல்லை, விளிம்பிலும் இல்லை. இரண்டுக்கும் ஏறத்தாழ இடைநடுவே, ஒரு பூவிதழின் மேல் படிந்த துகளினும் சிறியதாய் உள்ளது. ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பூக்களத்தில் அத்தொலைவு ஒரு தலைமயிரின் தடிப்பளவு கூட வராது. இரவில் வெறுங்கண்ணால் நாம் தனித்தனியே காணும் விண்மீன்கள் அனைத்தும் இக்களத்திற்குள்ளேயே அடங்கியவை.

இனி அயலாரைக் காண்போம். அதே முற்றத்தில், ஞாயிறு உள்ள இடத்திலிருந்து 1.6 மீட்டர் தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டு. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கிண்ணம். முன்னது பெரிய மகெல்லன் முகில். பின்னது சிறிய மகெல்லன் முகில். முற்றத்தைத் தாண்டி 25 மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள மற்றொரு பூக்களம் இடப்பட்டுள்ளது. அதுவே ஆண்டிரோமெடா. அதற்கும் சற்று அப்பால், 27 மீட்டரில், அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலத்தில் முக்கோணப் பேரடை இருக்கிறது. இவற்றோடு சிறு பூக்கள் சிதறியது போன்று கிடக்கும் குறும்பேரடைகளையும் சேர்த்தால், எண்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட ஒரு சிற்றூர் உருவாகும். வானியலார் அதனை உள்ளூர்க் கூட்டம் என்பர். பெயர் மிகப் பொருத்தமே.

இப்பூக்களத்தில் ஓர் உண்மை மறைந்துள்ளது. விண்மீன்கள் தம்முள் மிக விலகி நிற்பவை. ஞாயிற்றின் குறுக்களவை ஏறத்தாழ மூன்று கோடி முறை அடுக்கினால்தான் அடுத்த விண்மீனை எட்டலாம். பேரடைகளோ அங்ஙனம் அல்ல. பால்வெளியை இருபத்தைந்து முறை அடுக்கினாலே ஆண்டிரோமெடா வந்துவிடும். விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது மிக அரிது என்பதும், பேரடைகள் ஒன்றோடொன்று மோதுவது பேரண்டத்தில் பரவலாய்க் காணப்படுவது என்பதும் இதனால் விளங்கும்.

மிக அண்மையது எது?

இவ்வினாவிற்கான விடை கடந்த சில பத்தாண்டுகளில் இருமுறை மாறிற்று. நெடுங்காலம் பெரிய மகெல்லன் முகிலே மிக அண்மைப் பேரடை எனக் கருதப்பட்டது. 1994-இல் தனுசு விண்மீன் மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 70,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு குறும்பேரடை இருப்பது கண்டறியப்பட்டது. இவ்வளவு அருகில் இருந்தும் அது அதுவரை கண்ணில் படாமைக்குக் காரணம் உண்டு. பால்வெளியின் நடுப்பகுதிக்கு அப்பால் அது அமைந்துள்ளது. இடையிலுள்ள விண்மீன் நெரிசலும் தூசும் அதனை மறைத்துவிட்டன. கூட்டம் நிறைந்த சாலைத் தெருவுக்கு அப்பால் நிற்பவரை இப்புறமிருந்து காண இயலாதது போன்ற நிலை அது. அக்குறும்பேரடையைப் பால்வெளி தன் ஈர்ப்பால் சிறிது சிறிதாகச் சிதைத்து, அதன் விண்மீன்களைத் தன்னுள் இழுத்துக்கொண்டு வருகிறது.

2003-இல் பெருநாய் மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 25,000 ஒளியாண்டில், இன்னும் நெருங்கிய ஒரு விண்மீன் திரட்சி அறிவிக்கப்பட்டது. அது தனிப் பேரடையா, அன்றிப் பால்வெளியின் வளைந்த விளிம்பேயா என்பதில் வானியலாரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. தேர்வில் ‘மிக அண்மைப் பேரடை எது’ என வினவினால், எந்த ஆண்டு வெளிவந்த நூலைக் கொண்டு விடையளிக்கிறோம் என்பதையும் நினைவில் கொள்ளுதல் நன்று. இவ்விரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. கண்ணுக்குத் தெரியும் அயலார் என்றால் மகெல்லன் முகில்கள் இரண்டும், ஆண்டிரோமெடாவும்தாம்.

அகத்தியனுக்குக் கீழே

திருவனந்தபுரம் 8.5 பாகை வட அட்சரேகையில் உள்ளது. இந்தியப் பெருநகரங்களுள் இவ்வளவு தெற்கே அமைந்தவை வேறில்லை எனலாம். தெற்கே செல்லச் செல்லத் தென்வானம் மேலெழும். எனவே, வடஇந்தியாவில் ஒருபோதும் உதிக்காத விண்பொருள்கள் இந்நகரின் அடிவானுக்கு மேலே வந்து செல்கின்றன.

வானில் உயரத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கையை முன்னே நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால், அக்கைப்பிடியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. தைத் திங்களின் அமாவாசையை ஒட்டிய இரவுகளில், எட்டரை மணியளவில், தெற்கு நோக்கி நிற்பவர் முதலில் உச்சிப்பக்கம் திருவாதிரையையும், அதனினும் ஒளிமிக்க சிரியசு என்னும் விண்மீனையும் காண்பர். சிரியசுக்குத் தெற்கே, அடிவானிலிருந்து இரண்டு மூன்று கைப்பிடி உயரத்தில், தனித்து ஒளிரும் வெண்ணிற விண்மீன் ஒன்று உண்டு. அதுவே அகத்தியம்.

பொதியமலையில் வாழ்ந்தவராகக் கூறப்படும் அகத்தியரின் பெயரை அவ்விண்மீன் தாங்கியுள்ளது. சங்க நூலாகிய பரிபாடலில் வையையைப் பாடும் பதினோராம் பாடல், கோள்களின் நிலையைக் கூறும்போது பொதியமலை முனிவனைக் குறிக்கும் இம்மீனையும் கூறுகிறது. அம்மலையும் தொலைவில் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கும் திருநெல்வேலி மாவட்டத்துக்கும் எல்லையாய் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியமலையே அது. மலையும் மீனும் ஒரே பெயரோடு கண்ணெதிரே இருக்கும் ஊர் இது.

அகத்தியத்திற்குக் கீழே, சற்று வலப்புறமாக, அடிவானிலிருந்து ஒரு கைப்பிடி உயரத்தில், வானம் நன்கு இருண்டிருந்தால், மேகத்துண்டு ஒன்று தங்கியிருப்பது போன்ற வெளிறிய ஒளி தெரியும். காற்று வீசினும் அது நகராது. அதுவே பெரிய மகெல்லன் முகில். ஓரிலட்சத்து அறுபதாயிரம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பேரடை. சிறிய முகில் அதனினும் தாழ்ந்து, கார்த்திகைத் திங்களின் முன்னிரவில் தெற்கே தோன்றும். அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம். மழைமேகம் விலகினால்தான் விண்முகிலைக் காணலாம்.

தென்னாடுகளின் மக்கள் இவற்றைத் தொன்றுதொட்டு அறிவர். 1519-இல் போர்ச்சுகீசியரான மகெல்லன் தலைமையில் புறப்பட்ட கப்பல்கள் உலகைச் சுற்றியபோது இவை ஐரோப்பியரின் குறிப்பேட்டில் இடம்பெற்றன. ஏற்கெனவே பலர் அறிந்திருந்த பொருளுக்கு, வழியில் கண்டவரின் பெயர் நிலைத்துவிட்டது. வரலாற்றில் இது புதிதன்று.

அதே தை இரவில் உடலைத் திருப்பி வடமேற்கை நோக்கினால் ஆண்டிரோமெடா காத்திருக்கும். அதற்கு வழிகாட்டுபவை நம் பஞ்சாங்க மீன்களே. பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து வானில் ஒரு பெரிய சதுரம் அமைக்கின்றன. அச்சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து விண்மீன்கள் சில சங்கிலிபோல் நீளும். மூலை மீனை விடுத்து, சங்கிலியின் இரண்டாவது ஒளிமிக்க மீனை அடைந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி இரு மங்கிய மீன்களைக் கடந்தால், பஞ்சுத் துணுக்கு போன்ற நீள்வட்ட ஒளி ஒன்று தென்படும். அவ்வளவே ஆண்டிரோமெடா. படங்களில் சுருளும் வண்ணமுமாய்க் கண்டு பழகியவர்க்கு முதற்பார்வையில் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அவ்வொளி புறப்பட்டு இருபத்தைந்து இலட்சம் ஆண்டுகள் ஆயின; அப்போது பூமியில் இன்றைய மனித இனமே தோன்றியிருக்கவில்லை. பாரசீக வானியலார் அல்சூஃபி 964-ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் இதனைச் சிறு முகில் என்று குறித்துவைத்தார்.

சென்னையில் ஒரு கண். ஆர்வர்டில் ஒரு கண்

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகத்தை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் பூமியின் காந்தப்புலத்தை ஆராய்ந்தார். அதற்கென 1855-இல் அகத்தியமலையின் மேலும் ஓர் ஆய்விடம் அமைத்தார். நகரிலுள்ள வானாய்வகம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அது நிறுவப்பட்ட நாளில் மகெல்லன் முகில்களும் ஆண்டிரோமெடாவும் வேறு பேரடைகள் என்பதை உலகில் எவரும் நிறுவியிருக்கவில்லை. ‘முகில்’ என்னும் பெயருக்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாத காலம் அது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் பணியாற்றினார். அவர் 1867-இல், வலை எனப்படும் தென்வான் மண்டலத்தில், ஒரு விண்மீனின் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவதைக் கண்டறிந்தார். பெரிய மகெல்லன் முகிலுக்குச் சற்று மேலே அமைந்த மண்டலம் அது. சென்னையிலிருந்து நோக்கினால் அம்மீன் அடிவானிலிருந்து பதினான்கு பாகைக்கு மேல் எழுவதே இல்லை. அத்தாழ்ந்த இடத்தில், கடற்காற்றின் ஈரத்தையும் ஊடுருவி, ஒரு மீனின் ஒளிமாற்றத்தை உறுதிசெய்வது எளிய செயலன்று. அம்மீன் முகிலைச் சேர்ந்ததன்று. பால்வெளியின் உள்ளே இருப்பதே. ஆயினும் மாறொளி மீன்களே பின்னர் அயல் பேரடைகளின் தொலைவை அளக்கும் கோலாயின.

அக்கோலைக் கண்டவர் என்ரியேட்டா லெவிட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. ஆர்வர்டு வானாய்வகத்தில் ஒளிப்படக் கண்ணாடித் தட்டுகளை உருப்பெருக்கி கொண்டு ஆராய்ந்து, விண்மீன்களின் ஒளியளவைக் குறிப்பது அவர் பணி. தொலைநோக்கியை இயக்கும் வாய்ப்பு அக்காலத்தில் அங்குப் பெண்களுக்கு அளிக்கப்படவில்லை, ஊதியமும் குறைவு. செவித்திறன் குன்றியிருந்த அவர், தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் எடுக்கப்பட்டு வந்த தட்டுகளை ஒவ்வொன்றாய் ஒப்பிட்டு, இரு முகில்களிலும் 1,777 மாறொளி மீன்களைக் கண்டு 1908-இல் பட்டியலிட்டார். அவர் வாழ்ந்த நகரில் அம்முகில்கள் ஒருநாளும் உதிப்பதில்லை என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

1912-இல் அவர் சிறிய முகிலிலுள்ள 25 மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு விதியை வெளியிட்டார். ஒளி கூடிக் குறைந்து மீண்டும் கூடுவதற்கு எம்மீன் நெடுநாள் எடுத்துக்கொள்கிறதோ, அம்மீன் மிக்க ஒளியுடையது. இவ்வகை மீன்களைச் செபீடு மீன்கள் என்பர்.

இதில் என்ன பெருமை எனக் கேட்கலாம். இரவில் சங்குமுகம் கடற்கரையில் நிற்பவர் தொலைவில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைக் காண்கிறார். ஒன்று மங்கலாகவும் ஒன்று ஒளியாகவும் தெரிகின்றன. மங்கலாகத் தெரிவது சிறிய விளக்கா, தொலைவிலுள்ள பெரிய விளக்கா என்பதை அவர் அறிய வழியில்லை. ஆனால் எல்லாப் படகுகளும் ஒரே இடத்தில் குழுமியுள்ளன என்று தெரிந்துவிட்டால், மிகுதியாக ஒளிர்வது உண்மையிலேயே பெரிய விளக்குத்தான். சிறிய மகெல்லன் முகிலின் மீன்கள் அங்ஙனம் ஏறத்தாழ ஒரே தொலைவில் குழுமியவை. எனவேதான் லெவிட்டால் அவற்றின் உண்மை ஒளியை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது.

அடுத்த படி இது. கடலோடி ஒருவன் கலங்கரை விளக்கம் மின்னும் கால இடைவெளியைக் கொண்டே அது எந்த ஊர் விளக்கம் என அறிந்துகொள்கிறான். எந்த விளக்கம் என்று தெரிந்தால் அதன் ஆற்றல் தெரியும். ஆற்றல் தெரிந்தால், கண்ணுக்கு அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதிலிருந்து தொலைவைக் கணிக்கலாம். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். செபீடு மீன் வானத்துக் கலங்கரை விளக்கம். அது மின்னும் கால அளவே அதன் ஆற்றலைச் சொல்லிவிடும்.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், அமெரிக்காவின் வில்சன் மலையிலிருந்த நூறு அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த ஆண்டிரோமெடாவின் படத்தில் ஒரு செபீடு மீனைக் கண்டார். லெவிட்டின் விதியைப் பொருத்தினார். தொலைவு ஒன்பது இலட்சம் ஒளியாண்டு என வந்தது. பால்வெளியோ ஓரிலட்சம் ஒளியாண்டே அகன்றது. ஆகவே அச்சிறு முகில் பால்வெளிக்கு உள்ளே இருக்க இயலாது; அது மற்றொரு பேரடையே. நம் பேரடையே பேரண்டம் முழுவதும் என்று எண்ணியிருந்தவர்களின் கருத்து அன்றோடு முடிவுற்றது. 1952-இல் வால்ட்டர் பாடே, செபீடு மீன்களில் இருவகை உண்டு என்பதைக் காட்டியபோது, ஹபிள் கூறிய தொலைவும் இருமடங்குக்கு மேல் உயர்த்தப்பட்டது. லெவிட் 1921-இலேயே மறைந்துவிட்டார். தம் அளவுகோல் எதை அளந்தது என்பதை அவர் அறியவில்லை.

காவலூரிலிருந்து ஒரு பார்வை

திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. இந்திய வானியலார் வைணு பாப்பு, நகர ஒளி எட்டாத இடத்தைத் தேடி அம்மலையைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் அங்கிருந்தே காணலாம் என்பது அவர் கணக்கு. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கிற்று. இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரியில் திறக்கப்பட்டபோது பாப்பு உயிருடன் இல்லை. தொலைநோக்கியும் வானாய்வகமும் அவர் பெயரைப் பெற்றன.

அடுத்த ஆண்டே அவ்விடத்தேர்வின் பயன் தெரிந்தது. 1987 பிப்ரவரியில் பெரிய மகெல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்துச் சிதறியது. 1604-க்குப் பின் வெறுங்கண்ணால் காணத்தக்கதாய் நிகழ்ந்த முதல் விண்மீன் வெடிப்பு அது. வெடித்தது அன்றன்று, ஓரிலட்சத்து அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன். அச்செய்தியே அன்று வந்து சேர்ந்தது. ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் வந்து சப்பானின் கமியோகாண்டே ஆய்வகத்துத் தண்ணீர்த் தொட்டியில் தம் வரவைப் பதித்தன. வடநாடுகளின் பெருந்தொலைநோக்கிகள் பலவற்றுக்கு அவ்வெடிப்பு அடிவானுக்குக் கீழே மறைந்திருந்தது. காவலூரிலோ ஒரு கைப்பிடிக்கும் குறைந்த உயரத்தில், மரங்களின் தலையை ஒட்டி, அது தெரிந்தது. அங்கிருந்தோர் அதன் நிறமாலையைப் பதிவுசெய்து ஆராய்ந்தனர்.

திருவனந்தபுரத்துக்கும் இவ்வயல் பேரடைகளோடு அண்மைக்காலத் தொடர்பு உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஆசுட்ரோசாட் என்னும் விண்வெளித் தொலைநோக்கி சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதனைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ஏவுகலம், தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் வடிவமைக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆசுட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி, ஆண்டிரோமெடாவையும் சிறிய மகெல்லன் முகிலையும் பகுதி பகுதியாகப் படமெடுத்தது. புற ஊதா ஒளியில் இளமையும் வெம்மையும் மிக்க மீன்கள் தனித்துத் தெரியும். ஆதலால் ஒரு பேரடையில் புதுமீன்கள் எங்கெங்குப் பிறந்துள்ளன என்பதை அப்படங்கள் காட்டுகின்றன.

ஆண்டிரோமெடா நம்மை நோக்கி நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. நானூறு கோடி ஆண்டுகளில் அது பால்வெளியோடு மோதுவது உறுதி எனப் பல நூல்கள் எழுதின. 2025-இல் வெளிவந்த ஒரு கணிப்பு, பெரிய மகெல்லன் முகிலின் ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தது. அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளில் மோதலாம், மோதாமலும் போகலாம். இரண்டுக்கும் ஏறத்தாழச் சமவாய்ப்பே என்பது அதன் முடிவு. இரு பெரியோர் வழக்கில் இடையில் நின்ற சிறியவனின் சொல் தீர்ப்பை மாற்றியது போன்று இருக்கிறது இது.

இடமாற்றமும் தென்வானமும்

மையப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர் ஓரூரில் நெடுநாள் தங்குவதில்லை. பெற்றோரின் பணியிட மாற்றத்தோடு பள்ளியும் மாறும், தெருவும் மொழியும் மாறும், வானமும் மாறும். அகத்தியமும் முகிலும் ஊருக்கு ஊர் எங்ஙனம் தாழ்கின்றன என்பதை எளிய கழித்தலால் அறியலாம். பெரிய முகில் வானக்கோளத்தில் தெற்கே ஏறத்தாழ 70 பாகையில் உள்ளது. தொண்ணூறிலிருந்து எழுபதைக் கழித்தால் இருபது. அவ்விருபதிலிருந்து ஊரின் அட்சரேகையைக் கழித்தால் எஞ்சுவது, அவ்வூரில் முகில் எழும் மிகுதியான உயரம். திருவனந்தபுரத்தில் பதினொன்றரைப் பாகை, கன்னியாகுமரியில் பன்னிரண்டு, சென்னையில் ஏழு. இருபது பாகை அட்சரேகைக்கு வடக்கே எஞ்சுவது ஒன்றுமில்லை. தில்லியில் அகத்தியம் மட்டும் ஒரு கைப்பிடிக்குக் குறைந்த உயரத்தில் தலைகாட்டும். முகில் எந்நாளும் உதிக்காது. ஆண்டிரோமெடாவோ அங்குத் தலைக்கு மேலே இன்னும் உயர்ந்து நிற்கும்.

ஆகவே தென்கோடியில் வாழும் காலத்தே அம்முகிலைக் கண்டுகொள்வது நன்று. ஆனால் இந்நகரின் நடுவில் நின்றால் அது தெரியாது. தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் மேல்நோக்கிச் சிந்தும் ஒளி, காற்றிலுள்ள ஈரத்தில் பட்டுச் சிதறி, தாழ்வானை முழுவதும் வெளிறச் செய்துவிடுகிறது. உயரத்திலுள்ள மீன்கள் ஒருவாறு தப்பினும், அடிவானை ஒட்டிய முகில் முதலில் மறைகிறது. சுவாதித் திருநாள் வானாய்வகம் அமைத்த காலத்தில் நகரில் மின்விளக்கே இல்லை. அன்று மாளிகை மாடத்திலிருந்தும் குடிசை வாயிலிலிருந்தும் ஒருங்கே தெரிந்திருக்கும் பேரடை, இன்று ஊரை விட்டு விலகிச் செல்பவருக்கே தெரிகிறது. தெருவிளக்குக்கு மேல்மூடி இட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் விடுத்தால், சாலையும் ஒளிபெறும், வானமும் இருண்டிருக்கும். பெருஞ்செலவு வேண்டாத செயல் இது.

தெற்கே தடையின்றிக் கடல் விரிந்த கரை, நிலவில்லாத இரவு, மழை கழுவிய காற்று ஆகிய மூன்றும் கூடினால் வாய்ப்பு மிகுதி. கைப்பேசித் திரையை அணைத்துவிட்டு இருபது நிமிடம் இருளில் நின்றால்தான் கண் பழகும். பெரியவர் ஒருவரோடு செல்லுதல் வேண்டும். இருகண் நோக்கி ஒன்று கையிலிருந்தால், முகிலில் ஒளித் திட்டு ஒன்று தனித்துத் தெரிகிறதா என்று பார்க்கலாம். தரந்துலா வளிமுகில் என்பது அதன் பெயர். புதுமீன்கள் பிறக்கும் இடம் அது.

சொற்பொருள்

அயல் – பக்கம், அருகு. பேரடை – விண்மீன்களின் பெருங்கூட்டம். குறுக்களவு – விட்டம். முன்னிரவு – இரவின் முற்பகுதி. மாறொளி மீன் – ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன். நிறமாலை – ஒளியைப் பிரித்துப் பெறும் வண்ண வரிசை.

பயிற்சி

1. தனுசுத் திசையிலுள்ள குறும்பேரடை 1994 வரை கண்டறியப்படாமைக்குக் காரணம் என்ன?

2. சிறிய மகெல்லன் முகிலிலுள்ள மீன்களை மட்டும் லெவிட் எடுத்துக்கொண்டது ஏன்? படகு விளக்கு உவமையைக் கொண்டு விளக்குக.

3. பிரித்து எழுதுக: ஒளியாண்டு, தென்வானம், அவ்வயலார். இவற்றுள் உடம்படுமெய் தோன்றிய சொல் எது?

4. உங்கள் குடும்பத்தார் இதுவரை வாழ்ந்த ஊர்களின் அட்சரேகைகளை நிலப்படத்தில் கண்டு, ஒவ்வோர் ஊரிலும் பெரிய மகெல்லன் முகில் எத்தனை பாகை உயரம் எழும் எனக் கணக்கிடுக. பாட்டன் பாட்டியர் வாழும் ஊரையும் சேர்த்துக்கொள்க.

5. அகத்தியம், திருவாதிரை, பூரட்டாதி, உத்திரட்டாதி ஆகிய மீன்களை மலையாளத்தில் எங்ஙனம் வழங்குகின்றனர் என்பதை அயல்வீட்டாரிடமோ வகுப்புத் தோழரிடமோ கேட்டு எழுதிவருக.